கருவிழிச் செல்களை எண்ணுதல்: கண்ணும் கணினியும்

கண்ணின் முன்புறத்தே கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடி போல் வளைந்து நிற்கும் ஒளிபுகு படலத்தை அரபு மருத்துவ நூலோர் 'அல்கர்னிய்யா' என்று வழங்கினர். 'கர்ன்' என்பது கொம்பு. மெல்லியதாகச் சீவிய கொம்புத் தகட்டை ஒத்திருந்தமையால் கிரேக்க மருத்துவர்கள் முதலில் இப்பெயரைச் சூட்டினர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் கண்ணைப் பற்றிப் பத்து ஆய்வுரைகள் யாத்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் வாயிலாக அப்பொருள் அரபிக்கு வந்தது. அரபியிலிருந்து லத்தீனுக்குப் பெயர்த்தோர் கொம்பைக் குறிக்கும் தம் சொல்லைக் கொண்டு 'கார்னியா' என்றனர். இன்று கண் மருத்துவமனையில் நம் காதில் விழும் சொல் இத்தனை மொழிகளைக் கடந்து வந்ததாகும். தமிழில் நாம் அதனைக் கருவிழிப்படலம் என்போம்.

ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள இப்படலத்தின் உட்புறத்தில், அந்தப் பண்டைய மருத்துவர் எவரும் கண்டிருக்க இயலாத ஓர் அடுக்கு உண்டு. எண்டோதீலியம் எனப்படும் இவ்வடுக்கில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையாமல் ஒரே வரிசையாகப் பரவியுள்ளன. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு. மேலிருந்து நோக்கினால் தேனடையின் அறைகள் போல் அறுகோணங்கள் நெருங்கி நிற்பதைக் காணலாம். கண்ணின் முன்னறையில் உள்ள நீர் ஓயாது கருவிழிப்படலத்துக்குள் கசிந்து கொண்டேயிருக்கிறது. அதனை மீண்டும் வெளியேற்றும் வேலை இச்செல்களுடையது. அவை உப்பயனிகளை வெளியே தள்ள, நீர் அவற்றைப் பின்தொடர்ந்து செல்கிறது. இந்த இறைப்பு நின்றுபோனால் படலம் நீர்கோத்துத் தடித்துப் பனிமூட்டம் போல் வெளுத்துவிடும், பார்வை மங்கும்.

மனித உடலில் இச்செல்கள் தம்மைப் பெருக்கிக் கொள்வதில்லை என்றே கொள்ளலாம். தோலில் ஏற்படும் காயம் புதிய செல்களால் மூடப்படுகிறது. இங்கோ ஒரு செல் மடிந்தால் அண்டைச் செல்கள் விரிந்து அவ்விடத்தை நிரப்புகின்றனவேயன்றி புதியது பிறப்பதில்லை. இளம் வயதினரிடம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3,000 அளவில் இருக்கும் எண்ணிக்கை, ஆண்டுக்கு ஏறத்தாழ 0.6 சதவீதம் வீதம் குறைந்து வருகிறது. நாற்பது வயதில் 2,500 இருந்தால் எழுபது வயதில் 2,090 அளவில் நிற்கும். இது ஆயுள் முழுவதற்கும் போதுமானது. ஆனால் அறுவைச் சிகிச்சை, காயம், நோய் ஆகியவற்றால் எண்ணிக்கை 500 அளவுக்குச் சரிந்துவிட்டால் இறைப்பு தோற்கத் தொடங்கும். ஆகவே இது செலவழியுமேயன்றிச் சேராத முதல். கையிருப்பு எவ்வளவு என்று அறியாமல் மருத்துவர் முடிவெடுக்க இயலாத இடங்கள் பல உள்ளன.

இறந்தவர் ஒருவரின் கண்கள் கண் வங்கிக்கு வந்து சேர்கின்றன. குடும்பத்தார் துயரத்தின் நடுவே இசைந்து கொடுத்தவை அவை. உள்ளடுக்கும் உடன் செல்லும் மாற்று அறுவைக்கு அந்தக் கருவிழி தகுமா என்பதை வங்கி முடிவு செய்தாக வேண்டும். பல வங்கிகள் சதுர மில்லிமீட்டருக்கு 2,000 செல்கள் என்பதைக் கீழ்வரம்பாகக் கொள்கின்றன. எண்ணிக்கை 2,050 என்று வந்தால் ஒருவர் பார்வை பெறக்கூடும். 1,950 என்று வந்தால் அதே கருவிழி ஆய்வுக்கோ பயிற்சிக்கோ ஒதுக்கப்படக்கூடும். அந்த நூறு செல் வேறுபாடு கண்ணில் உள்ளதா, எண்ணியவரிடம் உள்ளதா?

இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. கண்ணழுத்த நோய்க்காக அமெரிக்காவில் 2016இல் ஒப்புதல் பெற்ற 'சைபாஸ்' என்னும் நுண்குழாயை ஆல்கன் நிறுவனம் 2018 ஆகஸ்டில் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. கண்புரை அறுவை மட்டும் செய்துகொண்டோருடன் ஒப்பிடுகையில், குழாயும் பொருத்தப்பட்டோரிடம் ஐந்தாண்டு முடிவில் இச்செல்களின் இழப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்ததே காரணம். நோயாளி எதையும் உணரும் முன்பே எண்ணிக்கை எச்சரித்தது. இத்தகைய ஆய்வில் இரு தரப்பாருக்கும் ஒரே முறையில் எண்ணுவதால், முறையில் உள்ள நிலையான பிழை இருபக்கமும் ஒத்திருந்து ஒப்பீட்டில் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. தனியொரு நோயாளிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

உயிருள்ள கண்ணில் இச்செல்களைப் படம்பிடிப்பதே ஒரு நுட்பம். கருவிழிப்படலத்துக்கும் முன்னறை நீருக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. அவ்விரண்டின் எல்லையில் படும் ஒளியில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கே திரும்பி வருகிறது. முன்புறத்தில் காற்றோடு ஒட்டிய பரப்போ அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் ஒளியைத் திருப்பியனுப்பிப் படத்தை மூழ்கடித்துவிடும். ஒளிக்கற்றையையும் பார்வைக் கோணத்தையும் பொருத்தமாக அமைத்தால் அந்த மெல்லிய எதிரொளியைத் தனியே காணலாம் என்பதை ஆல்ஃபிரெட் ஃபோக்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். 1968இல் டேவிட் மாரிஸ் அதற்கென ஒரு நுண்ணோக்கியை வடித்தார். எழுபதுகளில் அது நோயாளிகளிடம் பயன்படும் ஸ்பெக்குலர் நுண்ணோக்கியாக உருப்பெற்றது. கண் வங்கியில் குளிர்பதனத்தில் வைத்திருந்த கருவிழியை உடனே எடுத்துப் படம்பிடித்தால் செல்லின் எல்லைகள் மங்கியே தெரியும். அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த படத்தை எந்த முறையாலும் சரியாக எண்ண இயலாது.

இனி கையால் எண்ணுவதைக் காண்போம். 'கை' என்பது இன்று திரையில் தோன்றும் படத்தின் மீது மனிதர் குறியிடுவதைக் குறிக்கும். மிகப் பழைய முறை, படத்தின் மேல் ஒரு சதுரத்தை வைத்து அதனுள் உள்ள செல்களை எண்ணுவது. பக்கம் 0.2 மில்லிமீட்டர் உள்ள சதுரத்தின் பரப்பு 0.04 சதுர மில்லிமீட்டர். அதில் 100 செல்கள் இருந்தால் அடர்த்தி 2,500. எளிமையான கணக்குத்தான். ஆனால் சதுரத்தின் கோடு செல்களை வெட்டிக்கொண்டு செல்லுமே, அவற்றை என் செய்வது? செல்கள் பத்துக்குப் பத்தாக அமைந்திருப்பதாகக் கொள்வோம். வெட்டுப்பட்ட செல்களை முற்றிலும் விட்டுவிட்டால் எண்ணிக்கை 81 அளவுக்கு இறங்கும்; எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் 121 அளவுக்கு ஏறும். அதாவது ஒரே படம், ஒரே சதுரம், எழுத்தறிந்த இருவர். ஒருவர் 2,025 என்பார், மற்றவர் 3,025 என்பார். அடுத்தடுத்த இரு பக்கங்களில் வெட்டுப்படுபவற்றைச் சேர்த்து, எஞ்சிய இரு பக்கங்களில் வெட்டுப்படுபவற்றை விட்டுவிட வேண்டும் என்னும் விதி இதனாலேயே ஏற்பட்டது. விதி எளிது, ஒரு நாளில் நாற்பதாவது படத்தைப் பார்த்துக் கொண்டிருப்பவருக்கு அது அவ்வளவு எளிதன்று.

சதுரத்தைக் கைவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டிய செல்களின் குழுவைச் சுற்றி அவற்றின் எல்லை வழியாகவே கோடு வரைந்து, உட்புறத்தை எண்ணும் முறையும் உண்டு. இன்று பெரிதும் வழங்குவது மையமுறை. தொழில்நுட்பப் பணியாளர் ஒவ்வொரு செல்லின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போவார். புள்ளிகளின் இடைவெளிகளிலிருந்து மென்பொருள் செல்லின் பரப்பைக் கணக்கிடும். எல்லா அண்டைச் செல்களும் குறிக்கப்பட்ட செல்லே கணக்கில் ஏறும் என்பதால் வெட்டுப்படும் சிக்கல் இதில் இல்லை. ஆயினும் இடையில் ஒரு செல்லைக் குறிக்க மறந்தால் அதன் பரப்பு அண்டைச் செல்களுக்குப் பகிர்ந்து போய், அவை இயல்பைவிடப் பெரியனவாகத் தோன்றும். அடர்த்தி குறைவது மட்டுமன்றி, செல்களின் அளவில் உள்ள ஏற்றத்தாழ்வும் செயற்கையாகப் பெருகும். அந்த ஏற்றத்தாழ்வு, அதாவது மாறுபாட்டுக் கெழு, உள்ளடுக்கு நெருக்கடியில் இருப்பதற்கு ஓர் அறிகுறியாகக் கொள்ளப்படுவது. எனவே ஒரு மறதி இரண்டு அளவைகளைக் கெடுக்கிறது.

இவற்றைவிடப் பெரிய கேள்வி, எந்த இடத்தை எண்ணுவது என்பது. கருவிழிப்படலத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 100 சதுர மில்லிமீட்டர். அதில் இரண்டரை இலட்சம் செல்கள் இருக்கும். படத்தில் விழுவதோ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள்ளும் நூறு செல்களையே எண்ணுகிறோம். கண் இயல்பாகவே தெளிவாகத் தெரியும் பகுதிக்குச் செல்கிறது. தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் நலமான பகுதி. எண்ணத் தொடங்கும் முன்பே ஒரு சாய்வு புகுந்துவிடுகிறது. பதினோராம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலின் மூன்றாம் பகுதியைப் பார்வையின் பிழைகளுக்கென்றே ஒதுக்கினார். வெறும் புலனுணர்வில் நேரும் பிழை, முன்னறிந்ததாக எண்ணி இனங்காண்பதில் நேரும் பிழை, ஊகித்து முடிவு கட்டுவதில் நேரும் பிழை என அவர் வகுத்துக் காட்டினார். மங்கிய படத்தில் ஒரு கோட்டைச் செல்லின் எல்லை என்று 'கண்டுகொள்ளும்' பணியாளர் இரண்டாம் வகையில் நிற்கிறார்; தெரியாத எல்லையை அண்டைச் செல்களைப் பார்த்து இட்டுக்கட்டுபவர் மூன்றாம் வகையில் நிற்கிறார். பிற்கால ஆய்வாளர் பலர் இவ்வளவு நுணுகிப் பிரிக்காமல், கையெண்ணிக்கையைப் 'பொன் அளவுகோல்' என்றழைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். அச்சொல்லாட்சி நமக்கு உவப்பாயில்லை.

அமெரிக்காவில் நடந்த கருவிழி கொடையாளர் ஆய்வு இதற்குச் சான்று தருகிறது. 2000 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டனர். அதன் துணை ஆய்வொன்றில் கண் வங்கிகள் தந்த எண்ணிக்கையையும், அதே படங்களைப் பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியே எண்ணிச் சரிபார்க்கும் மைய ஆய்வகம் தந்த எண்ணிக்கையையும் ஒப்பிட்டனர். பெரும்பாலானவை நெருங்கியே இருந்தன. கணிசமானவற்றில் வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டியது. பத்து சதவீதம் என்பது இயல்பான இழப்பின் கணக்கில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

இனித் தானியங்கி முறை. பொத்தானை அழுத்திய சில நொடிகளில் எண்ணிக்கையும் சராசரிப் பரப்பும் அறுகோணச் செல்களின் விழுக்காடும் அச்சாகி வந்துவிடும். முன்னைய மென்பொருள்கள் படத்தில் ஒளி மாறும் இடங்களைத் தேடி, இருண்ட கோடுகளை எல்லையாகவும் வெளிறிய பரப்பைச் செல்லாகவும் கொள்வன. செல்கள் நெருங்கி, அளவொத்து, எல்லை தெளிவாக இருக்கும் நலமான இளங்கண்ணில் அவை கையெண்ணிக்கையோடு நன்கு ஒத்துப்போகின்றன, களைப்படைவதுமில்லை. சிக்கல் எழுவது வேறிடத்தில். எல்லை மங்கினால் இரண்டு செல்களை ஒன்றாக்கி எண்ணிக்கையைக் குறைக்கும். செல் மிகப் பெரிதாயிருந்தாலோ, அதன் உள்ளே தெரியும் புள்ளியையும் நிழலையும் எல்லையென்று கொண்டு ஒன்றை இரண்டாக்கும். செல்கள் அருகிப்போன கண்களிலும் மாற்று அறுவைக்குப் பிந்திய கண்களிலும் தானியங்கி முறை எண்ணிக்கையை உயர்த்திக் காட்டுவதாக ஒப்பாய்வுகளில் பலமுறை பதிவாகியுள்ளது. உயர்த்திக் காட்டுவது இரண்டு பிழைகளில் அபாயமானது. 700 செல்களே எஞ்சிய கண்ணில் 1,100 என்று அச்சானால், கண்புரை அறுவைக்கு முன் எடுக்க வேண்டிய எச்சரிக்கை எடுக்கப்படாமல் போகலாம்.

வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் 1910இல் விவரித்த நோயில் உள்ளடுக்கின் அடிப்படலம் துளித்துளியாகப் புடைத்தெழும். படத்தில் அவை கரும்புள்ளிகளாகத் தெரியும். அவ்விடத்தில் செல்கள் உள்ளனவா இல்லையா என்று படத்தைக் கொண்டு சொல்ல இயலாது. மென்பொருள் அப்பகுதியைத் தவிர்த்துவிட்டு இடைப்பட்ட தெளிவான செல்களை மட்டும் அளந்தால், கிடைக்கும் அடர்த்தி அச்செல்களுக்கு உண்மை, அக்கண்ணுக்கு உண்மையன்று. கருமையையும் பரப்பில் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை சட்டென்று சரியும். எது சரி என்பதைக் கணினி தீர்மானிக்க இயலாது. எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. கையால் எண்ணுவோரிடமும் இதில் ஒருமித்த வழக்கம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கருவிழி கொடையாளர் ஆய்வை மீண்டும் நினைவுகூர்வோம். ஐந்தாண்டு முடிவில் மாற்றுக் கருவிழிகளில் 86 சதவீதம் தெளிவாகவே நிலைத்திருந்தன. ஆனால் அவ்வாறு நிலைத்தவற்றிலும் செல்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இழக்கப்பட்டிருந்தது. ஆகவே தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய கண்கள்தாம் செல் அருகிய கண்கள். தானியங்கி முறை எங்கே மிகத் தேவையோ அங்கே மிக வலுக்குன்றி நிற்கிறது. எங்கே எண்ணிக்கையால் எந்த முடிவும் மாறப்போவதில்லையோ அங்கே மிகத் திறமையாக வேலை செய்கிறது.

இரு முறைகளை ஒப்பிடும் ஆய்வுகளைப் படிக்கையில் ஒரு பொறியில் வாசகர் விழுந்துவிடக் கூடாது. 'இரண்டுக்கும் இடையே மிக உயர்ந்த ஒட்டுறவு காணப்பட்டது' என்று எழுதிவிட்டால் அவை ஒன்றுக்கொன்று ஈடு என்று பொருளாகிவிடாது. ஒரு கருவி எப்போதும் 300 செல் கூட்டியே சொல்லுமானால் அதன் ஒட்டுறவு பழுதின்றியே இருக்கும். 1986இல் பிளாண்டும் ஆல்ட்மனும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இதனைத் தெளிவாக்கிற்று. ஒவ்வொரு படத்துக்கும் இரு முறைகளின் வேறுபாட்டைக் கண்டு, அவ்வேறுபாடுகளின் சராசரியையும் பரவலையும் பார்க்க வேண்டும் என்றனர். விளக்கத்துக்காக, கணினி கையைவிடச் சராசரியாக 50 கூட்டிச் சொல்கிறது, திட்டவிலக்கம் 150 என்று கொள்வோம். சராசரியைக் கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் நூற்றில் 95 படங்களில் வேறுபாடு -244க்கும் +344க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்பதே இதன் பொருள். கணினி 2,150 என்று அச்சிட்ட கருவிழியைக் கையால் எண்ணினால் 1,806இலிருந்து 2,394 வரை எதுவும் வரலாம். 2,000 என்னும் வரம்பு அந்த இடைவெளிக்குள் கிடக்கிறது. அறிக்கையில் '2,147' என்று கடைசி இலக்கம் வரை அச்சாகி வருவதைக் கண்டு மயங்குவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இரு முறைகளையும் ஒருசேரக் கெடுக்கும் பிழையும் ஒன்றுண்டு. படத்தின் ஒரு புள்ளி எத்தனை மைக்ரான் என்னும் அளவீடு 5 சதவீதம் தவறினால், பரப்பு இருமடிப் பெருக்கமாதலால் அடர்த்தியில் ஏறத்தாழ 10 சதவீதம் தவறும். எவ்வளவு கவனமாக எண்ணினாலும் இது வெளிப்படாது. எண்ணும் முறைகளைப் பற்றிய விவாதத்தில் இது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

அண்மை ஆண்டுகளில் நிலைமை மாறிவருகிறது. 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தார் மருத்துவப் படங்களைப் பகுத்துணர்வதற்கென 'யூ-நெட்' என்னும் செயற்கை நரம்பு வலையமைப்பை வெளியிட்டனர். 2018இல் போலந்தின் ஊட்ஜ் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அன்னா ஃபபியான்ஸ்கா அதனைக் கருவிழி உள்ளடுக்குப் படங்களில் செல் எல்லைகளை வரையப் பயன்படுத்திக் காட்டினார். நெதர்லாந்து ஆய்வாளர்கள் மாற்று அறுவைக்குப் பிந்திய படங்களுக்கும், பின்னர் ஃபுக்ஸ் நோயின் துளிகள் நிறைந்த படங்களுக்கும் இத்தகைய முறையை விரிவுபடுத்தினர். ஒளி மாறும் இடத்தை மட்டும் தேடாமல், சுற்றுப்புறத்தின் அமைப்பையும் கணக்கிற்கொண்டு எல்லையை அறியக் கற்றுக்கொள்வதால், பழைய மென்பொருள் தடுமாறிய படங்களிலும் இவை வெகுவாக முன்னேறியுள்ளன. ஆனால் இவற்றுக்குக் கற்பிக்கப்படுவது மனிதர் கையால் வரைந்த எல்லைகளே. தெளிவற்ற இடத்தை ஒரு பணியாளர் எவ்வாறு ஊகித்தாரோ அந்த ஊகமே பாடமாகிறது. ஒரு நிறுவனத்தின் நுண்ணோக்கிப் படங்களில் பயின்றது வேறொன்றின் படங்களில் அதே திறனைக் காட்டும் என்பதற்கும் உறுதியில்லை. ஒவ்வொரு கருவியிலும் சோதித்தே ஏற்க வேண்டும்.

கணினி எல்லைகளை வரைந்து முடித்தபின், அக்கோடுகளைப் படத்தின் மீதே காட்டச் செய்து, பணியாளர் ஒருமுறை பார்த்துத் தவறானவற்றைத் திருத்தும் இடைவழியே இன்றைக்கு நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றை இரண்டாக்கிய செல் தெரியாது. படத்தைப் பார்ப்பவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒரே நோயாளியைப் பல ஆண்டுகள் தொடர்கையில் கருவியையும் முறையையும் மாற்றாதிருத்தல் இதனினும் எளிய காப்பு. மாற்ற நேர்ந்தால் அன்றைய தினம் பழைய முறையாலும் புதிய முறையாலும் ஒருசேர எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். கண் பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்தால், எத்தனை செல்கள் எண்ணப்பட்டன என்று அதில் குறித்திருக்கும் இடத்தை வாசகர்களும் பார்க்கலாம். அங்கே எழுபத்தைந்து, நூறு என்று இருந்தால் ஒருவகை; பதினெட்டு என்று இருந்தால் அறிக்கையின் மற்ற இலக்கங்களைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டியது அதிகம்.